முட்டி தேஞ்சா உடனே மூட்டு மாற்றமா? காலை நிமிர்த்தியே வலியைக் குறைக்க வழி இருக்கு!

"மாடிப்படி ஏற முடியல, முட்டி வலி உசுர எடுக்குது" – அரசு ஆஸ்பத்திரி எலும்பு சிகிச்சைப் பிரிவில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. புலம்புபவர்கள் எல்லாருமே தாத்தா, பாட்டி அல்ல. தறி ஓட்டுபவர், சித்தாள், பஸ் கண்டக்டர் என்று நாற்பதுகளில் இருப்பவர்களும் உண்டு.

மாற்று மூட்டு பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் உழைக்கும். 45 வயதில் வைத்தால், 65 வயதுக்குள் மறுபடியும் ஆபரேஷன் தேவைப்படலாம். இரண்டாவது ஆபரேஷன் முதலாவதை விட சிக்கலானது. இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு இருக்கிற இன்னொரு வழிதான் கால் எலும்பை நிமிர்த்தும் ஆபரேஷன்.

டயர் தேயுற கதைதான்

அலைன்மென்ட் சரியில்லாத காரில் டயர் ஒரு பக்கம் மட்டும் தேயும் இல்லையா? முட்டியும் அப்படித்தான். கால் வில் மாதிரி வெளிப்பக்கம் வளைந்திருந்தால், உடம்பு பாரம் முழுக்க முட்டியின் உள்பக்கத்தில் இறங்கும். அங்கே உள்ள ஜவ்வு தேயத் தேய கால் இன்னும் வளையும். வளைய வளைய தேய்மானமும் கூடும்.

எப்படி செய்கிறார்கள்?

முதலில் நிற்க வைத்து இடுப்பு முதல் கணுக்கால் வரை முழுக்காலுக்கும் எக்ஸ்ரே எடுக்கின்றனர். எத்தனை டிகிரி வளைவு என்று அதில் கணக்கு போடுகின்றனர்.

பிறகு முட்டிக்கு சற்று கீழே, கால் எலும்பின் உள்பக்கத்தில் வெட்டு போடுகின்றனர். முழுசாக வெட்டுவதில்லை. வெளிப்பக்கம் கதவுக் கீல் மாதிரி கொஞ்சம் விட்டு, சில மில்லி மீட்டர் விரித்து, பிளேட், ஸ்குரூ போட்டு இறுக்குகின்றனர். கால் நேராகி, பாரம் தேயாத பக்கத்துக்கு மாறும். வலியும் குறையும். சொந்த மூட்டு அப்படியே இருக்கும்.

இது புதுசு அல்ல. பிரிட்டன் டாக்டர்கள் ஜாக்சன், வாக் இருவரும் 1961லேயே இது பற்றி கட்டுரை வெளியிட்டனர். அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர் மார்க் கவன்ட்ரி 1965ல் தன் முறையை வெளியிட்ட பிறகு பல நாடுகளுக்கும் பரவியது.

யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது?

பொதுவாக 60 வயதுக்கு உட்பட்டு, ஓடியாடி வேலை பார்ப்பவர்களுக்கு ஏற்றது. தேய்மானம் உள்பக்கம் மட்டும் இருக்க வேண்டும். முட்டி நன்றாக மடங்கி நீள வேண்டும்.

முட்டி முழுக்க தேய்ந்தவர்களுக்கும், முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் இது பலன் தராது. பீடி, சிகரெட் பிடித்தால் எலும்பு கூடுவது தாமதமாகும். நிறுத்தினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர்கள் கறாராகச் சொல்வது இதனால்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் வாக்கர் அல்லது ஊன்றுகோல் தேவை. எலும்பு நன்றாகக் கூட 3 முதல் 6 மாதம் ஆகலாம். தினக்கூலிக்காரர்கள் இந்த வருமான இழப்பையும் யோசித்து தயாராக வேண்டும். கிருமித் தொற்று, எலும்பு சரியாகக் கூடாமல் போவது போன்ற ஆபத்தும் இருக்கு.

பலருக்கு பத்து ஆண்டு, அதற்கு மேலும் பலன் நிற்கிறது. பிறகு தேவைப்பட்டால் மூட்டு மாற்றிக் கொள்ளலாம்.

தைலம் தேய்ச்சு, மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கிப் போட்டு வருஷக்கணக்கில் தள்ளிப் போட்டால், மறு பக்கமும் தேய்ந்து இந்த வாய்ப்பு கைநழுவிப் போகும். கால் வளைகிற மாதிரி தெரிந்தாலே எலும்பு டாக்டரைப் பாருங்க. "என் காலை நிமிர்த்த முடியுமா?" என்று வாய் விட்டுக் கேளுங்க.