தூக்க மருந்தை ஊசியில் ஏற்றும் விபரீதம்

வாயால் விழுங்குவதற்கென்று செய்த மாத்திரையைப் பொடித்து ரத்தக் குழாயில் ஏற்றிக் கொள்ளும் பழக்கம் பல இளைஞர்களின் உயிரைக் குடித்து வருகிறது. போதைக்காக ஊசி போட்டுக் கொள்வோர் நாட்டில் சுமார் 8½ லட்சம் பேர் என்று, மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை எடுத்து 2019-ல் வெளியான கணக்கு கூறுகிறது.

எல்லோரும் ஹெராயின் ஏற்றுகிறவர்கள் அல்ல. புப்ரநார்பின் என்ற வலி மருந்துடன் டயஸிபாம் போன்ற தூக்க மருந்தைக் கலந்து ஏற்றுவது டெல்லி முதலிய வட இந்திய நகரங்களில் பல ஆண்டுகளாக உள்ள வழக்கம். மருந்துக் கடையில் கிடைப்பதுதானே என்ற அலட்சியமே பலரைக் கவிழ்க்கிறது.

அழுகும் விரல்கள்

மாத்திரையில் மருந்து கொஞ்சம். மாவும் டால்க் தூளும் போன்ற கலப்புப் பொருள்களே அதிகம். இவை தண்ணீரில் கரைவதில்லை. ரத்தத்தோடு ஓடி நுரையீரலின் நுண்குழாய்களை அடைத்துக் கொள்கின்றன. தவறித் தமனியில் ஏறினால் விரல்கள் கறுத்து அழுகும். வெட்டி எடுக்கவும் நேரிடும்.

நிற்கும் மூச்சு

தூக்க மருந்தும் அபின் வகை மருந்தும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகி, தூக்கத்திலேயே நின்று விடலாம். நலாக்சோன் என்ற மாற்று மருந்து அபின் வகையின் வேகத்தை முறிக்கும். தூக்க மருந்தை முறிக்காது. ஆகவே நினைவிழந்து கிடப்பவரை, "தூங்கி எழுந்தால் தெளிந்து விடும்" என்று விட்டு விடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 112-க்குத் தகவல் சொல்ல வேண்டும்.

ஒரே ஊசி, பல நோய்

1989-90-ல் மணிப்பூரில், ஊசி போட்டுக் கொள்வோரிடையே எச்.ஐ.வி. கிருமி சில மாதங்களிலேயே காட்டுத் தீ போல் பரவியது. ஒரே ஊசியைப் பலரும் பயன்படுத்தியதே காரணம். ஹெபடைடிஸ் 'சி' என்னும் கல்லீரல் நோயும் இதே வழியில்தான் பரவுகிறது.

இதனால்தான் எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தின் கீழ் புது ஊசிகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. இது போதைக்குத் துணை போவதல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. பழக்கத்தை இன்றே விட முடியாதவன், விடும் நாள் வரை உயிரோடு இருக்க வேண்டாமா? ஊசி வாங்க வருகிறவனிடம்தான் சிகிச்சை பற்றியும் பேச முடிகிறது. அபின் வகைக்கு அடிமையானவர்களுக்கு, ஊசிக்குப் பதில், அதே புப்ரநார்பினை நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையாக மருத்துவக் கண்காணிப்பில் கொடுக்கும் மையங்களும் உள்ளன. ஹெபடைடிஸ் 'சி'க்கு 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவச சிகிச்சை கிடைக்கிறது.

பூட்டி வைக்காதீர்கள்

மானத்துக்கு அஞ்சி, பிள்ளையை அறையில் பூட்டி வைத்து மருந்தை ஒரே நாளில் நிறுத்தும் பெற்றோர் உண்டு. நெடுநாள் தூக்க மருந்து பழகிய உடம்பில் இது வலிப்பைக் கொண்டு வரும், உயிரே போகலாம். டாக்டர் மேற்பார்வையில் அளவைச் சிறிது சிறிதாகக் குறைப்பதே முறை.

போதை மீட்பு ஆலோசனைக்கு மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446. அடியும் பூட்டும் செய்யாததை, சரியான நேரத்தில் கிடைக்கும் சிகிச்சை செய்யும்.