10 அடி அகலக் கொல்லையில் தோட்டம் போடுவது எப்படி? கும்பகோணம் கொடிக்கால் சொல்லித் தரும் சிக்கன வழி!

ஆடியில் போட்ட வெண்டை காய்க்கத் தொடங்கியிருக்கும். கத்தரி பூவெடுத்திருக்கும். பப்பாளி ஆளுயரம் வந்திருக்கும். ஐப்பசியில் நாலு நாள் அடைமழை பிடித்தால் போதும். கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். மழை விட்டு வெயில் வந்த பிறகுதான் வேதனையே. பப்பாளியின் அடித்தண்டு அழுகிச் சாயும், கத்தரி வாடி நிற்கும். போட்ட காசு மொத்தமும் போச்சு.

"நமக்குக் கைராசி இல்லை" என்று அடுத்த கோடையில் கொத்தனாரைக் கூப்பிட்டு, கொல்லை முழுவதும் சிமெண்ட் தளம் போட்டுவிடுகிறார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி என டெல்டா ஊர்களின் பழைய தெருக்களில் அடிக்கடி நடப்பது இது. தவறு கைராசியில் இல்லை, தோட்டத்தின் அமைப்பில்தான். அதைச் சரிசெய்ய அதிகப் பணமும் வேண்டாம்.

டெல்டா கொல்லையில் அப்படி என்ன சிக்கல்?

காவிரிப் பாசனப் பகுதியின் பழைய தெரு வீடுகள் பெரும்பாலும் ரயில் பெட்டி மாதிரி. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுப்படி, கிணற்றடி என்று நீண்டுகொண்டே போய்க் கொல்லையில் முடியும். பாகப்பிரிவினையில் வீடு இரண்டாகும்போது கொல்லையும் நெடுக்கில் இரண்டாகும். கடைசியில் மிஞ்சுவது 10 அடி அகலம், 30, 40 அடி நீளம். இரண்டு பக்கமும் மதில். 10-க்கு 40 என்றால் 400 சதுர அடி, அதாவது ஒரு சென்ட்டுக்கும் (435.6 சதுர அடி) கொஞ்சம் குறைவு.

அடுத்தது மண். பழைய டெல்டாவில் இருப்பது ஆறு கொண்டுவந்து சேர்த்த களிப்பான வண்டல். நெல்லுக்கு இது வரம். தண்ணீரைப் பிடித்து நிறுத்தும். ஆனா காய்கறிச் செடியின் வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. தண்ணீர் நின்றால் மண்ணின் காற்றறைகள் நிரம்பி, வேர் மூச்சுமுட்டி அழுகும். கோடையிலோ இதே மண் பாளம் பாளமாக வெடிக்கும்.

மூன்றாவது மழை. இங்கே ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வருகிறது. அதே சமயம் வாய்க்காலிலும் வயலிலும் தண்ணீர் இருப்பதால் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும். கொல்லைத் தண்ணீர் கீழே இறங்க இடம் இருக்காது.

ஆக, இந்த ஊர்த் தோட்டத்தின் முதல் கேள்வி 'எந்தச் செடி வைக்கலாம்' என்பது இல்லை. 'தண்ணீர் எப்படி வெளியே போகும்' என்பதுதான்.

கொடிக்கால் என்ன செய்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. கும்பகோணம் வட்டாரத்தில் ஆவூர், ராஜகிரி, பண்டாரவாடை, சுவாமிமலை பக்கம் போனால் நெல் வயல்களுக்கு நடுவே வெற்றிலைக் கொடிக்கால்களைப் பார்க்கலாம். 2025-ல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலை விளைவது இப்படிப்பட்ட கொடிக்கால்களில்தான்.

வெற்றிலைக்கு எப்போதும் ஈரம் வேண்டும், ஆனா தண்ணீர் தேங்கினால் கொடி அழுகிவிடும். அதனால் கொடிக்காலில் சமதரையில் எதையும் நடுவதில்லை. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி 2 மீட்டர் அகலத்துக்குப் பாத்தி, இரண்டு பாத்திகளுக்கு நடுவே அரை மீட்டர் அகலமும் அரை மீட்டர் ஆழமும் கொண்ட வடிகால் பள்ளம். பள்ளத்து மண் பாத்தி மேல் ஏறிவிடும். கொடி படர அகத்தியை வரிசையாக விதைப்பார்கள். பாத்தி ஓரத்தில் வாழை. அதன் நார் கொடியைக் கட்டவும், சருகு வெற்றிலையைப் பொதியவும் உதவும். விலைக்கு வாங்கிய தொட்டி கிடையாது, இரும்புப் பந்தல் கிடையாது.

இதே கொடிக்காலைச் சின்னதாக்கிக் கொல்லைக்குள் கொண்டுவரலாம்.

முதலில் ஒரு குழி டெஸ்ட்

கொல்லையில் ஓர் அடி ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது இறங்கியதும் மறுபடி நிரப்ப வேண்டும். இரண்டாவது முறை ஊற்றியது மறுநாளும் நின்றால் களிமண். மேட்டுப்பாத்தி கட்டாயம்.

சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால் கதை வேறு. கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி போன்ற புது டெல்டா பகுதிகளிலும், வல்லம் பக்கத்துச் செம்மண்ணிலும் பல இடங்களில் தண்ணீர் சீக்கிரம் வடியும். அங்கே பாத்தியை உயர்த்துவதைவிட, எருவும் மூடாக்கும் போட்டு ஈரத்தைக் காப்பதுதான் முக்கியம்.

10 அடியைப் பிரிப்பது எப்படி?

* மதிலை ஒட்டி 1 அடி இடைவெளி
* 3 அடி அகலத்தில் ஒரு பாத்தி
* நடுவில் 2 அடிக்குப் பள்ளமான பாதை
* மறுபடி 3 அடியில் ஒரு பாத்தி
* அடுத்த மதிலை ஒட்டி 1 அடி இடைவெளி

நடுப்பாதைதான் வடிகால். அதை அரை அடி ஆழம் வெட்டினால் போதும். 30 அடி நீளத்துக்கு 30 கன அடி மண் கிடைக்கும். இரண்டு பாத்திகளின் பரப்பு 180 சதுர அடி. அந்த மண்ணைப் பரப்பினால் பாத்தி 2 அங்குலம் உயரும். பாதை 6 அங்குலம் இறங்கியிருப்பதால், மொத்த வித்தியாசம் 8 அங்குலம். ஒரு கூடை மண்கூட விலைக்கு வாங்காமல் கிடைக்கும் உயரம் இது. தொழுவுரமும் இலைச்சருகும் சேர்க்கச் சேர்க்க இன்னும் உயரும்.

மதிலை ஒட்டி 1 அடி விடுவது வீண் இல்லை. பாத்தி ஈரம் சுவரில் ஏறாது. பாத்தியின் இரண்டு பக்கமும் கை எட்டுவதால், மேலே ஏறி மிதிக்க வேண்டியதும் இல்லை. களிமண்ணை ஈரத்தில் மிதித்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும். பாதையில் நடக்கப் பழைய ஓடு, செங்கல் துண்டுகளைப் பதித்துக்கொள்ளலாம்.

மண் இளக வேண்டும் என்று மணல் லோடு அடிப்பவர்கள் உண்டு. களிமண்ணில் கொஞ்சமாக மணல் கலந்தால் பலன் இல்லை, சில சமயம் இன்னும் கெட்டியாகும். அதற்குப் பதில் மக்கிய எரு, வைக்கோல், உமி இவற்றைப் போடலாம். நெல் விளையும் ஊரில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. உமியைப் பச்சையாக நிறைய கலக்காமல், மேலே மூடாக்காகவோ மக்க வைத்தோ போடுவது நல்லது.

வெட்டிய தண்ணீர் எங்கே போகும்?

பாதையின் தரை 30 அடிக்கு 3, 4 அங்குலம் சரிந்தால் போதும். கண்மதிப்பில் வெட்டக் கூடாது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூபில் தண்ணீர் நிரப்பிப் பார்த்தால் எந்தப் பக்கம் தாழ்வு என்று தெரிந்துவிடும்.

கொல்லைக் கடைசியில் தெரு வடிகாலோ வாய்க்காலோ இருந்தால் மழைத் தண்ணீரை அங்கே விடலாம். பக்கத்து வீட்டுக் கொல்லைக்குள் திருப்பிவிட்டால் தோட்டத்தோடு சண்டையும் வளரும்.

போக வழியே இல்லையென்றால், தாழ்வான மூலையில் 3 அடிக்கு 3 அடி குழி எடுத்துச் சருகு, வைக்கோல், தென்னை மட்டையால் நிரப்பி, சுற்றி இரண்டு வாழை வைக்கலாம். குழியைத் திறந்து விட்டால் கொசு வரும். சருகு அமுங்க அமுங்க மேலே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய மழை முழுவதையும் இந்தக் குழி விழுங்காது. ஆனா பாத்தி உயரத்தில் இருப்பதால், பள்ளத்தில் ஓரிரு நாள் தண்ணீர் நின்றாலும் மேல்வேர்கள் பிழைத்துக்கொள்ளும்.

எந்தப் பாத்தியில் வெயில் அதிகம்?

குறுகிய கொல்லையில் மதில் நிழல்தான் பாதி முடிவை எடுக்கிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது தஞ்சாவூரில் தெற்கு மதில் 10 அடி உயரம் என்றால், உச்சி வேளையிலேயே அதன் நிழல் கிட்டத்தட்ட 7 அடி நீளும். ஆனி மாதம் உச்சி வேளையில் சூரியன் கொஞ்சம் வடக்கே இருக்கும். வடக்கு மதிலின் நிழல் கிட்டத்தட்ட 2 அடிதான்.

அதனால் கொல்லை கிழக்கு மேற்காக நீண்டிருந்தால், வடக்கு மதிலை ஒட்டிய பாத்திதான் வெயில் பாத்தி. கத்தரி, வெண்டை, மிளகாய், தக்காளி அங்கே. தெற்கு மதில் பக்கம் நிழல் தாங்கும் வெற்றிலை, வல்லாரை, புதினா. வடக்கு தெற்காக நீண்ட கொல்லையில் ஒரு பாத்திக்குக் காலை வெயிலும் மற்றதுக்கு மாலை வெயிலும் கிடைக்கும். காலை வெயில் விழும் பாத்தியில் கீரையை வைக்கலாம்.

எதை எங்கே வைக்கலாம்?

*மேட்டில்:* கத்தரி, வெண்டை, மிளகாய், கொத்தவரை, தண்டுக்கீரை, முளைக்கீரை. பாத்தியின் நடுமேட்டில் ஒரே ஒரு பப்பாளி.

*பாதை ஓர ஈரத்தில்:* பொன்னாங்கண்ணி, வல்லாரை.

*தாழ்வான மூலையில்:* சேம்பு, வாழை, கல்வாழை. பாத்திரம் கழுவும் தண்ணீரை வாழைக்கு விடலாம். சோப்பு நுரைத் தண்ணீரைக் கீரைக்கு விட வேண்டாம்.

*மதில் மேல்:* அவரை, புடலை, பீர்க்கன். கொடிக்காலைப் போல இரண்டு அகத்தியும் கொஞ்சம் கயிறும் இருந்தால் பந்தல் ரெடி. அகத்திக் கீரையும் கிடைக்கும்.

எதை வைக்கக் கூடாது?

தென்னை வேண்டவே வேண்டாம். அதற்குப் பரிந்துரைக்கப்படும் இடைவெளி 25 அடி. 2018 நவம்பர் 16-ல் கரையைக் கடந்த கஜா புயலில் டெல்டாவில் தென்னைகள் சாய்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு வீடுகளுக்கு நடுவில் உயரமான மரம் என்பது புயல் காலத்தில் தலைவலி. முருங்கை ஆசை இருந்தால் செடிமுருங்கையை மேட்டில் வைத்து, காய்ப்பு முடிந்ததும் 3 அடிக்கு வெட்டிவிட வேண்டும்.

கையில் இருக்கும் பணத்தை எதில் போடுவது?

பலரும் நர்சரியில் தொடங்குகிறார்கள். அழகான தொட்டி, ஒட்டுச்செடி என்று பணம் கரைந்துவிடும், மண்ணுக்கு மிஞ்சாது. இதைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளலாம். பட்ஜெட்டில் பாதி, பள்ளம் வெட்டும் கூலிக்கும் எருவுக்கும். கால் பங்கு பந்தல், கயிறு, மூங்கிலுக்கு. மீதி கால் பங்கு விதைக்கும் கன்றுக்கும். வீட்டு ஆட்களே மண்வெட்டி பிடித்தால் கூலியும் மிச்சம்.

விதைக்கு அரசு உதவியும் உண்டு. 2025 ஜூலையில் தொடங்கப்பட்ட ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை என 6 வகை விதைத் தொகுப்பும், பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகளும் மானியத்தில் தரப்பட்டன. இப்போது இருப்பு உள்ளதா என்று வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். கன்று கிடைத்தாலும் மூன்றையும் ஒரே கொல்லையில் நட்டுவிட வேண்டாம். கொய்யா ஓரளவு சமாளிக்கும், பப்பாளியும் எலுமிச்சையும் தேங்கிய தண்ணீரைத் தாங்காது.

எப்போது தொடங்கலாம்?

பள்ளம் வெட்டவும் பாத்தி போடவும் சித்திரை, வைகாசிதான் சரி. மண் காய்ந்து உதிரும், ஒரு கோடை மழைக்குப் பிறகு வெட்டுவதும் சுலபம். வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் வேலை முடிந்துவிட வேண்டும். ஆடிப்பட்டத்தில் வெண்டை போட்டால் ஒன்றரை மாதத்தில் காய் பறிக்கலாம், ஐப்பசி மழைக்கு முன் பாதி மகசூல் கைக்கு வந்துவிடும். அவரையும் ஆடியில்தான். மழைக்காலத்தில் புதிதாக எதையும் விதைக்காமல் இருப்பதை வைத்துக் காப்பாற்றினால் போதும். அடுத்த சுற்று தைப்பட்டம்.

முதல் ஆண்டே வீட்டுக்கு வேண்டிய காய் முழுவதும் கிடைத்துவிடாது. கீரையும் மிளகாயும் கடையில் வாங்காத நிலை வந்தாலே நல்ல தொடக்கம்.

கொல்லைக்குச் சிமெண்ட் போட நினைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். தளம் போட்டால் மழைத் தண்ணீர் மறைந்துவிடாது. மண்ணில் கொஞ்சமாவது இறங்கிய தண்ணீரும் அடுப்படி வாசலுக்கோ அடுத்த வீட்டுக்கோதான் திரும்பும். அந்தச் செலவில் ஒரு சிறு பங்கு இருந்தாலே ஒரு பள்ளமும் இரண்டு பாத்தியும் போட்டுவிடலாம். கொத்தனாரைக் கூப்பிடும் முன், ஒரு கோடைக்கு மண்வெட்டியை எடுத்துப் பார்க்கலாம்.