ஒரு சொல்லைப் பறித்தால் ஜாமர் வைக்கலாம்

“புழல் சிறையிலேயே ஜாமர் இருக்கிறதே, அமெரிக்காவில் இல்லையா?” கைதிகளின் கள்ள செல்போனை ஒடுக்குவது பற்றி அந்நாட்டின் தகவல் தொடர்பு ஆணையம் (எஃப்.சி.சி.) கருத்துக் கேட்டதிலிருந்து நமக்கு வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான் கேட்கின்றன.

மாநிலச் சிறைகளில் வைக்க முடியாது. அமெரிக்கத் தகவல் தொடர்புச் சட்டத்தின் 333-ஆவது பிரிவு, உரிமமோ அங்கீகாரமோ பெற்ற அலைத்தொடர்பில் வேண்டுமென்றே குறுக்கிடுவதைத் தடுக்கிறது.

2025 செப்டம்பரில் எஃப்.சி.சி. முன்வைத்த வழி சுவாரசியமானது. சட்டத்தைத் திருத்த வேண்டாம், ஒரு சொல்லைப் பறித்தால் போதும். கைதி ஒளித்து வைத்திருக்கும் போனுக்கு ‘அங்கீகாரம்’ இல்லை என்று அறிவித்துவிட்டால், 333 அதைக் காக்காது. கெட்டிக்கார வக்கீலின் வாதம். ஆனால் ஜாமர் செய்வது, டவரின் குரல் கேட்காதபடி அதே அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டுவது மட்டுமே. திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர் அலறினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்காதே, அதுபோல. பாய்க்கு அடியில் இருக்கும் போன் எது, வார்டனின் சட்டைப்பையில் இருப்பது எது என்று அந்த இரைச்சலுக்குத் தெரியாது. அங்கீகாரம் போவது ஒன்றுக்கு, வாயடைப்பு எல்லாவற்றுக்கும்.

சிறு இடத்துக்குள் மட்டும் இயங்கும் ‘மைக்ரோ ஜாமர்’ வெளியே கசியாது என்கிறார்கள். மைக்ரோ ஜாமர் என்றால், சோதனை நாளில் ஒழுங்காக இருந்த ஜாமர் என்று பொருள் கொள்ளலாம். 2018-இல் மேரிலாந்தின் கம்பர்லண்ட் சிறையில் ஓர் அறைக்குள் போன் முடங்கியது, வெளியே 20 அடியில் பாதிப்பில்லை என்றது அமெரிக்க நீதி அமைச்சகம். ஓர் அறையில் பார்த்ததை மதில் ஓரத்துச் சாலைவரை நீட்டிச் சொல்ல முடியுமா?

கள்ள போன் பற்றிய பயம் பொய்யல்ல. அதே ஆண்டு தென் கரோலினாவின் லீ சிறைக் கலவரத்தில் 7 கைதிகள் இறந்தார்கள். அதிகாரிகள் கள்ள போன்களைக் கைகாட்டினார்கள். அங்கே காவலர் பற்றாக்குறையும் இருந்தது.

மிச்சக் கடிதங்களுக்கு:

அமெரிக்க மத்திய அரசுச் சிறைகள்? அவற்றின் அலைவரிசைப் பயன்பாடு எஃப்.சி.சி.யின் கீழ் வராது.

வேறு வழி? கள்ள போனை அடையாளம் காட்டி முறைப்படி கேட்டால், செல்போன் நிறுவனம் 2 வேலை நாளுக்குள் முடக்க வேண்டும், இல்லையேல் மறுக்க வேண்டும் என்று 2021-இலேயே விதி வந்தது.

அவசர எண் 911? ஜாமர் எல்லைக்குள் அதுவும் போகாது.

டியூஷன் சென்டரில் ஜாமர் மாட்டலாமா என்று கேட்ட ஆசிரியருக்கு: கூடாது. மத்திய அரசின் அனுமதி இல்லாமல் தனியார் ஜாமர் வாங்குவதும் வைப்பதும் இந்தியாவில் சட்டவிரோதம். ஆன்லைனில் விற்கிறார்கள் என்பது அனுமதி ஆகாது.