கடாரத்து மண்ணில் கோல மூடா மாவட்டம்

கெடா மாநிலத்தின் கோல மூடா மாவட்டத்தைக் கடாரம் என்னும் பெயரோடு இணைத்தே தமிழர் அறிவர். வகுப்பறையில் நாம் பெரிதும் பேசுவது 1025-இல் நிகழ்ந்த இராசேந்திர சோழனின் படையெடுப்பையே. ஆயின் அதற்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே சீனத் துறவி இட்சிங் கெடாவில் தங்கி, அங்கிருந்து கப்பலேறி இந்தியா சென்றார். படை வருமுன்னரே இது பெயர்பெற்ற துறைமுகம்.

இன்று இங்கு மலாய்க்காரர், சீனர், இந்தியர் வாழ்கின்றனர். தமிழருள் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தோரின் வழித்தோன்றல்கள். சோழர் காலத்தவரின் நேர்மரபினர் அல்லர். இதனைச் சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை.

சுங்கைப் பட்டாணியிலிருந்து பீடோங் வழியாக மெர்போக் செல்லலாம். அங்குள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தை அடுத்து, ஓடைக்கரையில், புக்கிட் பத்து பகாட் சண்டி என வழங்கும் கோயில் உள்ளது. கருங்கற் பீடமும் தூண்தாங்கு கற்களுமே எஞ்சின. மரத்தாலான மேற்கட்டு என்றோ அழிந்துவிட்டது. வேறிடங்களிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த சண்டிகளையும் அதே வளாகத்தில் காணலாம்.

எல்லாவற்றிற்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. குவாரிச் வேல்ஸ் 1930-களில் ஆய்ந்து பதிவு செய்த 11-ஆம் எண் சண்டி, 2013-இல் வீடமைப்புப் பணிக்காக இடிக்கப்பட்டது. தனியார் நிலத்திலிருந்த அது மரபுரிமைத் தளமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், நிற்கும் சண்டிகளோடு இந்த எண்ணையும் குறிப்பேட்டில் எழுதச் செய்யலாம்.