பால் கொட்டினால் பேச்சு வரும்!

இரண்டு வயதுக் குழந்தையின் கையிலிருந்து டம்ளர் நழுவுகிறது. பால் தரையெல்லாம் ஓடுகிறது. “ஐயோ, கொட்டிட்டியா? எத்தனை தடவை சொல்றது?” பல வீடுகளில் முதலில் கேட்கும் குரல் இதுதான். அடுத்த நிமிடமே துணி வந்து, தரை பளிச்சென்று ஆகிவிடும். ஆனால், பேசத் தாமதமாகும் குழந்தைக்கு அங்கே ஒரு நல்ல பாடம் கைநழுவிப் போகிறது.

படப் புத்தகத்தைக் காட்டி “இது என்ன சொல்லு?” என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தைகூட, ஓடும் பாலைக் கண்கொட்டாமல் பார்க்கும். எதிர்பாராத ஒன்று நடந்துவிட்டதே! அம்மாவும் பிள்ளையும் ஒரே பொருளை ஒரே நேரத்தில் கவனிக்கும் அந்தச் சில நொடிகளில் காதில் விழும் சொல், மனதில் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். பேச்சுப் பயிற்சியாளர்கள் விளையாட்டுப் பொருள்களை வைத்துப் பாடுபட்டு உண்டாக்குவது இதே கவனத்தைத்தான். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் பயிற்சியாளரிடம் குழந்தை இருப்பது ஒன்றிரண்டு மணி நேரம். மீதியெல்லாம் வீட்டில்தானே?

‘உடைச்சிட்டியா’ வேண்டாம், ‘உடைஞ்சிடுச்சு’ போதும்

‘உடைச்சிட்ட’ என்றால் குற்றச்சாட்டு. ‘உடைஞ்சிடுச்சு’ என்றால் நடந்ததைச் சொல்வது. கிழிச்சிட்ட - கிழிஞ்சிடுச்சு, கவுத்துட்ட - கவுந்துடுச்சு எல்லாமே அப்படித்தான். முதல் வகையைக் கேட்கும் குழந்தை, அம்மாவின் கோபமான முகத்தைப் பார்க்கிறது. இரண்டாவதைக் கேட்கும் குழந்தை, நடந்ததைப் பார்க்கிறது. அதற்கான சொல்லையும் சேர்த்தே பிடித்துக்கொள்கிறது.

மூன்று படிகள்

1. சொல்லுங்கள்: “அச்சச்சோ! பால் கொட்டிடுச்சு.” அவ்வளவுதான். நீளமான வாக்கியம் வேண்டாம். கேள்வியும் வேண்டாம்.

2. காத்திருங்கள்: குழந்தையின் முகத்தைப் பார்த்தபடி மனதுக்குள் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுங்கள். கேட்டதைப் புரிந்துகொண்டு வாயைத் திறக்கக் குழந்தைக்கு நேரம் வேண்டும். அதற்குள் பாட்டியோ அக்காவோ பதில் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. ஒரு சொல் கூட்டுங்கள்: குழந்தை “பா” என்றால், “ஆமா, பால்!” என்று சொல்லுங்கள். “பால்” என்றால் “பால் கொட்டிடுச்சு”. “பால் கொட்டி” என்றால் “ஆமா, பால் கீழே கொட்டிடுச்சு.” “தெப்பு காணோம்” என்று சொன்னாலும் “தப்பு, சரியா சொல்லு” என்று திருத்த வேண்டாம். “ஆமா, செருப்பு காணோம்” என்று நீங்கள் சரியாகச் சொன்னாலே போதும். விரலால் சுட்டிக் காட்டினாலும் அது பதில்தான். அதையும் சொல்லாக்கிக் கொடுங்கள்.

பிறகு குழந்தையின் கையிலும் ஒரு துணியைக் கொடுங்கள். “துடை... துடை... ஈரம் போயிடுச்சு!” ஒரே சம்பவத்தில் இன்னும் இரண்டு மூன்று சொற்கள் கிடைத்துவிடும்.

கண்ணாடி உடைந்திருந்தால் முதலில் குழந்தையைத் தள்ளி நிறுத்துங்கள். விழுந்து அடிபட்டிருந்தால் முதலில் அணைப்பு, பிறகுதான் சொல். “முட்டி வலிக்குதா? வலிக்குது...” என்று வலிக்கு ஒரு பெயர் கிடைத்தால், அடுத்த முறை அழுகையோடு அந்தச் சொல்லும் வரலாம்.

நாள் முழுக்க வாய்ப்புதான்

பலூன் வெடித்தால் “டப்!”. கரன்ட் போனால் “லைட் போச்சு”, வந்தால் “வந்துடுச்சு”. காக்கா வடையைத் தூக்கிக்கொண்டு போனால் “வடை காணோம்!”. செருப்பைக் கால் மாற்றிப் போட்டால் “இந்தக் கால் இல்ல, அந்தக் கால்.”

அசம்பாவிதம் எதுவும் நடக்காத நாளில் நீங்களே சின்னதாக ஒரு ‘தவறு’ செய்யலாம். பிஸ்கட் டப்பாவை இறுக மூடியபடியே கொடுங்கள்; “திற” என்ற சொல்லுக்கு இடம் கிடைக்கும். சாக்ஸைக் குழந்தையின் கையில் மாட்டுங்கள். தட்டை வைத்துவிட்டு, தோசை வைக்க ‘மறந்து’ போங்கள். குழந்தை சிரிக்கும்வரை இது விளையாட்டு. சிணுங்க ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். “சொன்னாதான் தருவேன்” என்று சாப்பாட்டைப் பிடித்து வைப்பது கூடவே கூடாது.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

“இவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினான்” என்ற சமாதானத்தில் மாதங்கள் ஓடிவிடும். ஒரு வயதில் மழலை ஒலியோ, சுட்டிக் காட்டுவதோ, ‘டாட்டா’ காட்டுவதோ இல்லை. 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை. இரண்டு வயதில் ‘அம்மா வா’ போல இரண்டு சொற்களைத் தானாகச் சேர்க்கவில்லை. எந்த வயதிலும் பேசிய சொற்கள் மறைந்துபோகின்றன என்றால் காத்திருக்க வேண்டாம். முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கும் குழந்தைக்கும் ஓரளவு கேட்கும் குறைபாடு இருக்கலாம்.

2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பரிசோதனை இலவசம். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமே சந்தேகத்தைச் சொல்லலாம். தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள்.

வீட்டுப் பயிற்சி சிகிச்சைக்கு மாற்று அல்ல, துணை. ஆனால், அந்தத் துணையைத் தர வீட்டில் இருப்பவர்களால்தான் முடியும்.