பத்தே நிமிடத்தில் மறுபடியும் அதே கேள்வி ஏன்?

“பஸ்ஸு வந்துடுச்சா?” சித்தூர் வீடொன்றின் திண்ணையில், மடியில் மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்தபடி பாட்டி கேட்கிறார். பத்து நிமிடத்தில் மறுபடியும் அதே கேள்வி. இது பிடிவாதம் அல்ல. அன்றன்று நடப்பதைப் பதிந்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதியைத்தான் அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குகிறது. நாம் சொன்ன பதில் மறக்கவில்லை; பதியவே இல்லை. கல்யாணமான புதிதில் திருப்பதி மலையேறிய நினைவு மட்டும் நெடுநாள் நிற்கும்.

ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் 648 நோயாளிகளை ஆராய்ந்த சுவர்ணா அல்லாடி குழு, இருமொழி பேசுவோருக்கு அல்சைமர் உள்ளிட்ட மறதிநோய் (டிமென்ஷியா) சுமார் நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்குவதாக 2013இல் எழுதியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்தத் தாமதம் தெரிந்தது. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு என வாழும் சித்தூர்க்காரர்களுக்கு இது நல்ல சேதி. ஆனால் தாமதம்தான், தடுப்பு அல்ல.

எல்லா மறதியும் அல்சைமர் அல்ல. வைட்டமின் பி12 குறைவாலும் தைராய்டு கோளாறாலும்கூட மறதி வரும், அவற்றைச் சரிசெய்யலாம். ஆகவே முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு உண்டு.

பாட்டி மறுபடி கேட்கும்போது “பஸ்ஸெல்லாம் கிடையாது” என்று திருத்தினால் பயம்தான் கூடும். “எந்த ஊருக்குப் பாட்டி? அங்க யாரு இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரையைக் கையில் கொடுத்தால், விரல்கள் தாமாக உருவத் தொடங்கும். கைப்பழக்கத்தைக் காப்பது மூளையின் வேறு பகுதி.

பாட்டி வெளியே போய்விட்டாரோ என்று ராத்திரி நாலு தடவை எழுந்து கதவைப் பார்க்கும் மருமகளுக்குச் சம்பளமும் இல்லை, விடுப்பும் இல்லை. வெளியூரிலிருந்து போனில் யோசனை சொல்லும் பிள்ளைகளே, மாதத்தில் இரண்டு நாள் வந்து பாட்டியோடு இருங்கள், மருமகள் தூங்கட்டும். முதியோருக்கான இலவச உதவி எண் 14567. அதை அவள் போனில் பதிந்து கொடுங்கள்.