தீராத சொம்பு!

பள்ளி ஆண்டு விழாவில் மேஜிக் செய்யணும் என்று மகள் ஒரே அடம். "பொம்பளப் புள்ளைக்கு மேடையில வித்தை எதுக்கு?" என்றார் மாமியார். கடையில் மேஜிக் செட் விலையைக் கேட்டு எனக்கே தலை சுற்றியது.

வங்காளத்து பி.சி.சர்க்கார் (1913-1971) மேடையில் காட்டிய, கவிழ்க்கக் கவிழ்க்க நீர் வரும் 'வாட்டர் ஆஃப் இந்தியா' ஞாபகம் வந்தது. பரணில் கிடந்த பித்தளைச் சொம்புக்குள், அடியைத் தொடாத தகரக் குழாயை வாயைச் சுற்றி ஓட்டையில்லாமல் பற்றவைக்கச் சொன்னேன். கழுத்தடியில் சிறு துளை. அதைக் கட்டை விரலால் மூடிக் கவிழ்த்தால் குழாய்த் தண்ணீர் மட்டும் கொட்டும். நிமிர்த்தி விரலை எடுத்தால், சுற்றியுள்ள நீர் குழாய்க்குள் ஏறிவிடும். செலவு 150 ரூபாய்தான். ஒத்திகையில் விரல் வழுக்கி மானம் போச்சு!

விழா முடிந்து திருவண்ணாமலை தேரடித் தெரு வழியாக வரும்போது சொம்பை வாங்கி எட்டிப் பார்த்த மாமியார், "எனக்கு மட்டும் சொல்லேன்டி" என்றார். மகள் சொல்லவே இல்லை.

- ஒரு வாசகி, திருவண்ணாமலை